இரண்டாவது மாத்திரை

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். டம்ளரைக் கையில் வாங்கியதும் அண்ணி எட்டிப் பார்ப்பாள். "எந்தக் குழாயில பிடிச்சீங்க? காலையிலயா, இப்பவா?" என்று எங்களை விசாரிப்பாள். வந்தவர் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் முழிப்பார். அண்ணன்தான் காப்பாற்றுவான். "சும்மா குடிங்க. அது என் பொண்டாட்டி சமைச்ச தண்ணி. சோறு அப்படி இப்படித்தான் வரும். தண்ணி மட்டும் பிரமாதமா சமைப்பா."

அவன் சொன்னது இரண்டுமே உண்மை. அண்ணி ஊர்க் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஏரித் தண்ணீரைத் தெளிய வைத்து, மணலில் வடிகட்டி, கிருமி சாகிற அளவுக்குக் குளோரின் கலந்து ஊருக்கு அனுப்புகிற இடம் அது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மாத்திரையை நசுக்கிப் போடுவாள். இளஞ்சிவப்பு நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. நிலையத்தில் மட்டும் பார்த்தால் போதாது. தெருத்தெருவாகப் போய், ஊர்க் கோடி வரைக்கும் வீட்டுக் குழாய்களில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெயில் மழை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். பையில் அந்தக் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டே வரும். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் "தண்ணி இலாகா".

நான் அவனுடைய தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அண்ணியிடம் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உலக வழக்கம். நானும் என் பங்குக்குக் குறை வைக்கவில்லை. அவள் பிடிவாதக்காரி. ஒன்று மனதில் பட்டுவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள். துணி உலர்த்தினால் கொடியில் பாதியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கேட்டால், "பம்ப் ஹவுஸ்ல கூப்பிட்டாங்க" என்பாள். இப்படி ஆயிரம் சொல்லலாம். ஆனால் அவளைப் பற்றி வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது வேறு விஷயம்.

அவளுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. ஊரின் கடைசித் தெரு. நிலையத்திலிருந்து அங்கே போகிற குழாய் ஊரையே சுற்றிக்கொண்டு போகிறது. அவ்வளவு தூரம் போவதற்குள் குளோரின் எல்லாம் வழியிலேயே தீர்ந்துவிடும். நிலையத்தில் அதிகமாகக் கலந்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் "மருந்து நாத்தம் தாங்கல" என்று சண்டைக்கு வருவார்கள். குறைத்தால் கடைசித் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அந்தத் தெருவுக்குப் போய் மாதிரி எடுத்துவிட்டு வருகிற நாட்களில் அண்ணி யாரிடமும் பேச மாட்டாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

"என்னாச்சு?" என்பான் அண்ணன்.

"கலரே வரலங்க. பச்சத் தண்ணி மாதிரி நிக்குது."

அண்ணன் பஸ் டிரைவராக இருந்தவன். இருந்தவன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிறுநீரகம் இரண்டும் அவனைக் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு சின்ன மையம். நாலைந்து நாற்காலிகள், ஒரு டெக்னீஷியன், வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரு டாக்டர். இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். அப்படிச் சுத்தம் செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஊர்க் குழாயிலிருந்துதான். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "பாரு, கிட்னி போனாலும் என்னை விடமாட்டேங்கிறா. இப்ப ரத்தம் வரைக்கும் வந்துட்டா."

இந்த நிலைமையில்தான் குடிநீர் நிலையத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் வெறும் குளோரின் கிடையாது, குளோரமின். குளோரினோடு துளி அமோனியாவைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடுமாம். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் வழியில் தீர்ந்துபோகாமல் கடைசித் தெரு வரைக்கும் போய்ச் சேரும். வாடையும் அவ்வளவாக இருக்காது. அண்ணி சாப்பாட்டு மேசையில் இதை விளக்கியபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெகு நாளாக வரன் அமையாத வீட்டில் சம்மதம் வந்த மாதிரி இருந்தது.

"புரிஞ்சுது" என்றான் அண்ணன். "தனியா இருக்கிறவரைக்கும் குளோரின் வழியில போறவன் வர்றவன் கிட்டல்லாம் மல்லுக்கு நின்னு சீக்கிரமே ஓஞ்சுபோகுது. கல்யாணம் பண்ணி வெச்சா நிதானம் வந்து கடைசிவரைக்கும் வண்டி ஓட்டுது. என்னை மாதிரி."

அண்ணி சிரித்தாள். பிறகு, சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. குடிக்கலாம், குளிக்கலாம், ஒண்ணும் ஆகாது. வயித்துக்குள்ள போனா தானே செத்துடும். மீன் வளக்கிறவங்க ஜாக்கிரதையா இருக்கணும். அப்புறம் டயாலிசிஸ் பண்றவங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டயாலிசிஸில் தண்ணீர் வயிறு வழியாகப் போவதில்லை. மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் ரத்தம். குளோரமின் அந்தச் சவ்வைத் தாண்டிப் போய் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது, காய்ச்சினாலும் லேசில் போகாது. கரி நிரப்பிய ஒரு பெரிய தொட்டி, கார்பன் டேங்க் என்கிறார்கள், அதன் வழியாக நிதானமாக ஓடினால்தான் போகும்.

"நல்லாருக்கு அண்ணி" என்றேன். "கட்டின புருஷனுக்கு ஆகாததை ஊர்த் தண்ணியில நீங்களே கலக்கப் போறீங்க."

"கடைசித் தெருவுல ஒரு குழந்தைய மூணாவது தடவையா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. அந்தம்மா என்னைப் பாத்து ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை."

"அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் கேப்பேன்."

"கேளு" என்றாள். "அதுக்குள்ள என்னென்ன செய்யணுமோ அவ்வளவும் செஞ்சுடுறேன்."

செய்தாள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் மையத்துக்கு நிலையத்திலிருந்து முறையாகத் தகவல் போனது. அது போதாதென்று இவள் நேரிலேயே போய் டெக்னீஷியன் தலையைத் தின்றாள். அவன் நல்ல பையன், பொறுமைசாலி, இவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். இருக்கிற கார்பன் டேங்க் சின்னது, பெரிசாக இரண்டு வேண்டும் என்றாள். கரி எந்த ரகம், தண்ணீர் எவ்வளவு நேரம் அதற்குள் நிற்க வேண்டும், எல்லாம் பேசினாள். மையத்துக்காரர்களும் தட்டிக்கழிக்காமல் புது டேங்க் இரண்டையும் வாங்கினார்கள். ஆனால் பொருத்துகிறவர்கள் தாமதமாக வந்ததால் மையத்தை ஒரு நாள் மூட வேண்டியதாகிவிட்டது. அது அண்ணனின் முறை. ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும். அவன் கால் வீங்கியது, கண்ணிமை வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினான்.

அந்த நாளில்தான் நிலையத்தில் அமோனியாவைத் திறந்தார்கள். அண்ணியின் ஷிப்ட். வால்வில் கை வைத்தவள் அவள்தான். வீட்டுக்கு வந்து, "கடைசித் தெரு வரைக்கும் போயிருக்கும் இந்நேரம்" என்று மட்டும் சொன்னாள். அண்ணனின் முதுகுக்குப் பின்னால் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தாள் அப்போது.

மறுநாள் காலை மூவரும் மையத்துக்குப் போனோம். ஒரு கை நான் பிடித்தேன், மறு கை அவள். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். "பஸ்ஸா இருந்தா இந்நேரம் ஷெட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றான். மையத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மளிகைக்கடைக்காரர். எல்லோரும் ஒரு முறை தவறவிட்டவர்கள். எல்லோர் முகமும் உப்பியிருந்தது.

யாரையும் இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் டெக்னீஷியன் தண்ணீரைச் சோதிப்பான். கார்பன் டேங்கிலிருந்து வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மாத்திரையைப் போட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். துளி நிறம் இல்லை.

"சுத்தம் அக்கா! புது டேங்க் பிச்சு உதறுது."

அண்ணி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் சும்மா இருந்திருக்கலாம். "டேங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி வர்ற தண்ணியையும் ஒரு தடவ பாத்துடேன்" என்றாள். ஊர்க் குழாயில் எவ்வளவு குளோரமின் வருகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. டெக்னீஷியன் அதையும் பிடித்தான், மாத்திரை போட்டான், குலுக்கினான்.

அதிலும் நிறம் வரவில்லை.

"பாருங்கக்கா, முன்னயெல்லாம் இதுல செக்கச்செவேல்னு வரும். இப்ப வர்ற தண்ணியே சுத்தமா இருக்கு!" அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். மளிகைக்கடைக்காரர் "கவர்மெண்டுல ஒரு வேலை ஒழுங்கா நடந்திருக்கு" என்றார்.

அண்ணியின் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், முகத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அவள் அந்தக் குழாயை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யாரையும் போடாத" என்றாள்.

பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த மாத்திரை தனியாக இருக்கிற குளோரினை மட்டும்தான் காட்டும். அமோனியாவோடு சேர்ந்துவிட்ட குளோரின் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க இரண்டாவதாக ஒரு மாத்திரையும் போட வேண்டும். நிலையத்தில் இவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பழகியவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல யோசிக்காமல் செய்கிற காரியம். இந்த மையத்துக்கு முதல் மாத்திரை மட்டும் போதும், நிறம் வராவிட்டால் சுத்தம் என்று வருஷங்களுக்கு முன்னால் டெக்னீஷியனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணிதான். அன்றைக்கு அது சரி. வெறும் குளோரின் இருந்த காலம். டேங்கைப் பற்றிப் பேசினாள், கரியைப் பற்றிப் பேசினாள், நேரத்தைப் பற்றிப் பேசினாள். மாத்திரை அவள் நினைவுக்கே வரவில்லை.

"அப்ப டேங்குக்கு அப்புறம் வர்ற தண்ணி?" என்று கேட்டான் டெக்னீஷியன்.

"சுத்தமாவும் இருக்கலாம். விஷமாவும் இருக்கலாம். இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. என் தப்புடா தம்பி. என் தப்பு."

டெக்னீஷியன் டாக்டருக்குப் போன் போட்டான். அவர் யோசிக்கவே இல்லை. நிறுத்துங்கள், தெரியும்வரை யாரையும் போட வேண்டாம், மூச்சு முட்டுகிறவருக்கு ஆக்சிஜன் வையுங்கள், நானும் கிளம்பி வருகிறேன் என்றார். இரண்டாவது மாத்திரையைக் கொடுத்தனுப்பச் சொல்லி அண்ணி நிலையத்துக்குப் போன் போட்டாள். அமோனியா திறந்த மறுநாள், ஷிப்டில் இருக்கிற ஒரே ஆள் அங்கிருந்து நகர முடியாது. "நானே போய் எடுத்துட்டு வர்றேன்" என்று டெக்னீஷியனின் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டு நடுவுல விட்டுட்டுப் போறீங்களா? உங்க தண்ணிப் பைத்தியத்துக்கு எங்க அண்ணன்தான் கிடைச்சானா?" என்று கத்திவிட்டேன். எல்லோர் முன்னாலும். சொன்னது சொன்னதுதான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனின் நெற்றியில் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு ஓடினாள்.

அண்ணன் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னை முறைத்தான். பேச மூச்சு இல்லை, ஆனாலும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"அவள எதுக்குத் திட்டற?"

"நீ மூச்ச மிச்சம் பிடி."

"பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்ச பிறகு வண்டி எடுக்கிற டிரைவர் உண்டா?" முகமூடியைப் போட்டுக்கொண்டான். மறுபடி தூக்கினான். "நிறுத்தினா பாரு. தன் தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொல்லி நிறுத்தினா. நானா இருந்தா பேசாம கண்ண மூடிக்கிட்டு சாமி விட்ட வழின்னு இருந்திருப்பேன்."

நான் அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அவனுடைய மூச்சு தகரத்தை இழுக்கிற மாதிரி சத்தம் போட்டது. டீச்சர் அம்மா ஜபம் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இன்னும் ரொம்ப நேரம் தள்ள முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். அங்கேயும் இதே ஊர்த் தண்ணீர்தானே என்று நான் கேட்டேன். அவருக்கும் அது தெரியும்.

அண்ணி வந்தபோது அவள் முகமெல்லாம் தூசி. முந்தானை தோளிலிருந்து நழுவியது கூடத் தெரியாமல் நேரே சோதனை மேசைக்குப் போனாள். அவசரத்தில் முதல் மாத்திரை தரையில் விழுந்து உருண்டது. டெக்னீஷியன் இன்னொன்றைப் பிரித்துக் கொடுத்தான். முதலில் குழாய்த் தண்ணீர். இரண்டு மாத்திரையும் போட்டுக் குலுக்கியதும் பளிச்சென்று இளஞ்சிவப்பு ஏறியது. மருந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி. அடுத்து டேங்குக்கு அப்பால் வரும் தண்ணீர். போட்டாள். குலுக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

நிறம் வரவில்லை.

கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். வரவில்லை. புதிதாகப் பிடித்து மறுபடி போட்டாள். டாக்டர் அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார், டெக்னீஷியன் வெள்ளைத் தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தான். துளிகூட இல்லை. டேங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"அப்ப ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர்.

யாரும் அசையவில்லை. அண்ணி குழாயைக் கீழே வைக்காமல் நின்றாள். இரண்டு தடவை பார்த்துவிட்டாள், சுத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலையில் ஒரு தடவை சுத்தம் என்று நம்பி நெஞ்சில் கை வைத்தவள்தானே. அந்தப் பயம் மளிகைக்கடைக்காரர் முகத்திலும் இருந்தது, என் முகத்திலும் இருந்திருக்கும்.

டீச்சர் அம்மாதான் முதலில் பேசினார். "என்னைப் போடுப்பா முதல்ல. நான் தனி ஆள். எனக்கு ஒண்ணுன்னா அழறதுக்குக்கூட யாரும் இல்ல. இந்தப் பொண்ணு நிம்மதியாப் பாத்துக்கட்டும், அப்புறம் இவ வீட்டுக்காரரைப் போடலாம்."

அது எவ்வளவு பெரிய மனசு! எனக்கு அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சரி என்று தலையாட்டவும் ஆட்டிவிட்டேன். டெக்னீஷியன் அவர் நாற்காலிப் பக்கம் நகர்ந்தான்.

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "இவரைப் போடு முதல்ல."

"அண்ணி!"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. டீச்சர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "தண்ணி நான் அனுப்பினது டீச்சர். முதல்ல என் வீட்டுக்காரர் உடம்புல ஓடட்டும். அப்புறம் உங்களுக்கு."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அண்ணன் முகமூடியைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினான்.

"கேட்டுக்கங்க எல்லாரும்" என்றான், மூச்சை இழுத்து இழுத்து. "வாழ்க்கையில முதல் தடவையா பொண்டாட்டி சிபாரிசு பண்றா. போடுப்பா சீக்கிரம், மனசு மாறிடப் போறா."

ஊசி ஏறியது. இயந்திரம் முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. அவனுடைய ரத்தம் குழாயில் கருஞ்சிவப்பாக வெளியே வந்து, வடிகட்டிக்குள் நுழைந்து, மறுபக்கக் குழாயில் திரும்பி வந்தது. தண்ணீர் கெட்டிருந்தால் ரத்தத்தின் நிறம் மாறிவிடும், முதுகு வலிக்கும், மூச்சு இன்னும் மோசமாகும் என்று டாக்டர் மெதுவாக எனக்குச் சொன்னார். அண்ணிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை. அந்தத் திரும்பி வருகிற குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இமைக்கிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ரொம்ப நேரம் அப்படியே போனது. அண்ணனின் மூச்சில் இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்னத்தை அப்படிப் பாக்கற?" என்று கேட்டான்.

"கலர்."

"எப்படி இருக்கு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு கோணியது. "உங்க ரத்தம் மாதிரிதாங்க இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் தாரை தாரையாக வழிய ஆரம்பித்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே டெக்னீஷியனைப் பார்த்தாள்.

"இப்ப டீச்சரைப் போடு தம்பி" என்றாள்.